மக்கள் நிதியில் கலைப் படைப்பு: விலையும் விளம்பரமும்

பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கலைப் படைப்பை உருவாக்க முற்படுவோர் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும். ஒருவரிடம் எவ்வளவு கேட்பது? அவரிடம் செய்தியை எவ்வாறு கொண்டு சேர்ப்பது? 1976-ஆம் ஆண்டில் உருவான ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படமும், தலைநகர் டெல்லியின் தெரு நாடக அனுபவமும் இவற்றுக்கு விடை தருகின்றன.

இரண்டு ரூபாய்

பால் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிச் செய்திப் படம் எடுத்திருந்த ஷியாம் பெனகல், அதனைக் கதைப் படமாகவும் எடுக்க விரும்பினார். இயக்கத்தின் தலைவர் டாக்டர் வர்கீஸ் குரியன் அதற்கு வழி கண்டார். குஜராத் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் வழங்கினர். 10 லட்சம் ரூபாய் சேர்ந்தது. படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பாளர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் அவ்விவசாயிகளே.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இரண்டு ரூபாயை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று வசூலிப்பதானால், வசூல் செலவே வரவை விழுங்கிவிடும். நாள்தோறும் பால் வாங்கிப் பணம் பட்டுவாடா செய்யும் கூட்டுறவுச் சங்கங்கள் முன்னரே இருந்தமையால்தான் அத்தொகை பயன் தந்தது. ஆகவே, பங்குத் தொகை எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு வலுவான அமைப்பு தேவை.

முதலீட்டாளரே பார்வையாளர்

பணம் கொடுத்தவர்கள் தங்கள் படத்தைக் காணத் திரளாக வந்தனர். லாரிகளில் ஏறி நகரத் திரையரங்குகளுக்குச் சென்ற கிராம மக்களே படத்தின் சிறந்த விளம்பரமாயினர். தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இந்திப் படமாகவும் இது தேர்வு பெற்றது. பின்னர், புதிய சங்கங்களை அமைப்பதற்கான பிரசாரக் கருவியாகவும் கிராமங்களில் திரையிடப்பட்டது. சீரமைக்கப்பட்ட பிரதி 2024-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

டெல்லியின் வழி

டெல்லியில் 1973-இல் தோன்றிய ஜன நாட்டிய மஞ்ச் வேறு முறையைக் கையாண்டது. பெரிய மேடை நாடகங்களின் செலவைத் தொழிற்சங்கங்களால் தாங்க இயலாத நிலையில், 1978-இல் ‘மெஷின்’ நாடகத்துடன் அக்குழு தெருவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது, நாடகம் முடிந்தபின் பார்வையாளர் தாம் விரும்பியதைக் கொடுப்பர். முன்னதில் விலை முன்கூட்டியே வகுக்கப்பட்டது. பின்னதில் பார்த்தவரே விலையை வகுக்கின்றனர். முன்னதற்கு அமைப்பு வேண்டும். பின்னதற்குச் செலவைக் குறைக்கும் ஆற்றல் வேண்டும்.

படிப்பினை

இவ்விரு முறைகளிலும் விலைக்கு அளவுகோல் படைப்பின் செலவு மட்டுமன்று. கொடுப்பவரின் சக்தியும் ஆகும். எனினும், சிறு தொகை கொடுத்தவரும் பங்காளியே. அவரது வாழ்வைப் படைப்பு உண்மையாகக் காட்டத் தவறினால் மறுமுறை அவர் கொடுக்கமாட்டார். சாதி வேற்றுமையும் சங்கத்துக்கு எழும் எதிர்ப்பும் ‘மந்தன்’ படத்தில் மறைக்கப்படவில்லை. விளம்பரத்தினும் மேலான மூலதனம் இந்த நம்பிக்கையே.