தைப்பூசத்துக்கு ஒருநாள் நடை: காரைக்குடி செக்காலையிலிருந்து பிள்ளையார்பட்டி வரை (2021 ஜனவரியில எழுதினது)

தங்கச்சி, இந்த 2021-ல தைப்பூசம் ஜனவரி 28-ம் தேதி வருது. முதல் தடவையா அரசு விடுமுறையும் விட்டிருக்காங்க. பழனிக்கு நடக்கணும்னு உனக்கு ஆசை இருக்கு, தெரியும். இங்கிருந்து பழனி சுமார் 160 கிலோமீட்டர். குன்றக்குடியில கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு நகரத்தார் காவடி போற பாதை அது. நானூறு வருஷத்துக்கு மேல வர்ற வழக்கம். இருந்தாலும் இந்த வருஷம் உன்னை வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

காரணம் சொல்றேன். அந்த நடையில நம்மைத் தாங்குறது நம்ம கால் மட்டும் இல்லை. வழிநெடுக மோர்ப்பந்தல், அன்னதானம், யார் வீட்டுத் திண்ணையிலோ படுக்க இடம், முன்னபின்ன தெரியாத ஒரு அம்மா வந்து காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுறது, இதெல்லாம் சேர்ந்துதான் ஒருத்தரைப் பழனி கொண்டுபோய் சேர்க்குது. கொரோனா காலத்துல இது அத்தனையும் தொற்றுக்கு வழி. நமக்கு மட்டுமில்லை, நமக்கு இடம் கொடுக்கிற ஊர்க்காரங்களுக்கும். அதனால யார் வீட்லயும் தங்காம, யார் கையிலயும் வாங்கிச் சாப்பிடாம, ராத்திரி நம்ம வீட்டுக்கே வந்து படுக்கிற மாதிரி நடை ஒண்ணு போ. செக்காலையில கிளம்பி கோவிலூர் வழியா குன்றக்குடி பத்து கிலோமீட்டர். அங்கிருந்து பிள்ளையார்பட்டி இன்னும் ரெண்டு மூணு. போய் வர 25 கிலோமீட்டரை ஒட்டி வரும். பழகாத உடம்புக்கு இதுவே பெரிய நடைதான்.

யார் போகக் கூடாதுங்கிறதை முதல்ல பார்த்துக்க. காய்ச்சல், இருமல், வாசனை தெரியலைன்னா வாசலைத் தாண்டாதே. சமீபத்துல கொரோனா வந்து தேறினவங்க, டாக்டரைக் கேட்காம இவ்வளவு தூரம் நடக்கவே கூடாது. ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்துட்டா நுரையீரலும் இதயமும் பழையபடி ஆயிட்டதா அர்த்தம் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னா அவங்களுக்கு இந்த வருஷம் வீட்டு வாசல்ல மெதுநடை போதும். 65 வயசுக்கு மேற்பட்டவங்க, கர்ப்பிணிகள், பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கோயிலுக்கு வர வேண்டாம்னு இந்த 2021 கொரோனா காலத்துல அரசே அறிவுறுத்துது. அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு நினைக்காதே.

கூட யாருன்னா, ஒரே வீட்டுல இருக்கிறவங்க மட்டும். தெருவே சேர்ந்து கிளம்புற சந்தோஷத்தை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம். தனியாப் போகாதே. ரெண்டு மூணு பேர் போதும்.

இன்னையில இருந்தே நடந்து பழகு. தினம் அஞ்சு கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை மட்டும் பன்னெண்டு. புதுச் செருப்பு, புது ஷூ வாங்கிடாதே. கால்ல ஏற்கெனவே பழகினதுதான் சரி. விரல் இடுக்குல, குதிகால்ல தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ நல்லாத் தடவி, அதுக்கு மேல சாக்ஸ் போட்டா கொப்புளம் வர்றது குறையும். எங்கேயாவது சுறுசுறுன்னு எரிஞ்சா அந்த இடத்துலயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டு, அடுத்த ஊர் வரட்டும்னு தள்ளிப்போடாதே. வெறுங்காலோட நடக்கிறதா வேண்டிக்கிட்டிருந்தா வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடு, பதினோரு மணிக்கு மேல தார் ரோடு காலைப் பொசுக்கிடும். இந்த ஜனவரியில பொங்கல் வரைக்கும் மழை விடலை. ரோட்டோரம் சகதியா இருக்கும், மாத்திக்க ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்க.

காலையில நாலரைக்குக் கிளம்பு. ரோட்டுக்கு வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுற மாதிரி நட. இருட்டு விலகுற வரைக்கும் கையில டார்ச், பையோட முதுகுப்பக்கம் ரேடியம் ஸ்டிக்கர். இந்த ரோட்டுல கொரோனாவைவிட லாரியை நினைச்சுத்தான் எனக்குப் பயம். நிதானமா நடந்தா ஏழரைக்குள்ள குன்றக்குடி. மலையேறி சண்முகநாதரைக் கும்பிட்டுட்டு, மதியம் நடை சாத்துறதுக்கு நிறைய முன்னாடியே பிள்ளையார்பட்டிக்குப் போயிடலாம். கோயில் வாசல்ல காய்ச்சல் பார்ப்பாங்க. வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்னுடாம, பத்து நிமிஷம் நிழல்ல ஆறிட்டு அப்புறம் வரிசைக்குப் போ.

மாஸ்க் விஷயம். நாலு துணி மாஸ்க் எடுத்துக்க. வேர்வையில நனைஞ்சது மூச்சையும் அடைக்கும், கிருமியையும் சரியாத் தடுக்காது. நனைஞ்சதும் மாத்தி, தனிக் கவர்ல போட்டு மூடு. ஆளே இல்லாத கண்மாய்க்கரையில கொஞ்சம் இறக்கி நல்லா மூச்சு விட்டுக்கலாம். கடை, கோயில், பேசுற ஆள்னு வந்தா மூக்குக்கு மேல ஏத்திடு. போடலைன்னா இந்த 2021 விதிப்படி 200 ரூபாய் அபராதம், அது ஒரு பக்கம். மூச்சிரைக்கிறவ விடுற காத்து தூரமாப் போகும். டீக்கடைக்காரர் பாவம், நாள் முழுக்க அங்கேயே நிக்கிறவர்.

சாப்பாடு நம்ம கட்டுச்சோறு. புளியோதரை வாழையிலையில கட்டினா மத்தியானம் வரைக்கும் கெடாது. நடுவுல கடிச்சுக்க மாவுருண்டை, சீப்புச்சீடை. ரெண்டு லிட்டர் தண்ணி சுமந்துட்டுப் போ, குன்றக்குடியில சீல் பாட்டில் வாங்கி நிரப்பிக்க. ஒரு லிட்டர்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைச்சு வச்சுக்க. வெறும் தண்ணியையே நிறையக் குடிச்சுக்கிட்டு நடந்தா உப்பு குறைஞ்சு தலை சுத்தலாம்.

இதை எழுதாம விடமாட்டேன். நம்ம பொண்ணுங்க பாத்ரூம் கிடைக்காதேன்னு தண்ணி குடிக்காமலே நடப்பாங்க. அதைச் செய்யாதே. மயக்கமும் நீர்க்கடுப்பும் அதுலதான் வருது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் வண்டியில போய், எந்த பெட்ரோல் பங்க், எந்தக் கழிப்பறை திறந்திருக்குன்னு பார்த்து எழுதி வச்சுக்க. கொரோனாவுக்கு மூடினது சிலது இன்னும் மூடியே இருக்கலாம். சோப்புக் காகிதமும் சானிடைசரும் பையோட வெளிப்பக்கப் பையில இருக்கட்டும். மாதவிலக்கு நாளா இருந்தா நாளைத் தள்ளி வை, இல்லை வலி இல்லைன்னா நாப்கின், பழைய பேப்பர், கவரோட கிளம்பு. ரெண்டுமே சரிதான்.

வீட்டுல ஒருத்தரை ஸ்கூட்டரோட தயாரா இருக்கச் சொல்லு. நெஞ்சு இறுக்கம், படபடப்பு, கண் இருட்டுறதுன்னா அந்த இடத்துலயே நடையை நிறுத்திட்டு 108-க்குப் போன் போடு. வெறும் களைப்புன்னா பிள்ளையார்பட்டியிலயே முடிச்சு வண்டியில வந்துடு. பாதி தூரம் நடந்தாலும் பிள்ளையார் கணக்குல அது முழுசுதான்.

வந்ததும் உடுப்பைச் சோப்புத் தண்ணியில ஊற வச்சு, குளிச்சுட்டு அப்புறம் அப்பத்தா கிட்டப் போ. காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வச்சு, சுவர்மேல தூக்கிப் படு. ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா நடந்த அலுப்புன்னு விட்டுடாதே, அன்னைக்கே போய் டெஸ்ட் எடு.