கடல்நீரில் நடந்து படித்த கவிதை

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் உள்ளது ஆஸ்பின்வால் மாளிகை. முன்பு மிளகும் தேங்காயெண்ணெயும் கைமாறிய வணிக இடம் அது. 2016ஆம் ஆண்டு கொச்சி–முசிறி பினாலே கலைவிழாவின்போது, சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா அங்கே நீண்ட கூடமொன்றில் கடல்நீரை நிரப்பச் செய்தார். படைப்பின் பெயர் ‘துயரக் கடல்’. காண வந்தோர் காலணி கழற்றி, ஆடையை உயர்த்திப் பிடித்து, நீரில் நடந்தே எதிர்ச்சுவரில் இருந்த கவிதையை அடைந்தனர். விரைந்து செல்ல நீர் விடாது. இப்படைப்பின் வலிமையும் அதுவே.

2015இல், போரால் நாடிழந்த சிரியக் குடும்பமொன்றின் படகு கடலில் கவிழ்ந்தது. கரையொதுங்கிய சிறுவன் ஆலன் குர்தியின் ஒளிப்படத்தை உலகமே கண்டது. அண்ணன் காலிப்பும் அன்று மாண்டான். அவனைப் பற்றிப் பேசியோர் சிலரே. சூரிட்டா இப்படைப்பைக் காலிப்புக்கே உரியதாக்கினார்.

சிந்தித்து எழுதுக: கவிஞர் காலிப்பைத் தேர்ந்தது ஏன்?