நாயும் மூன்று அலமாரிகளும்

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ கறுப்பர்களிடமிருந்து அபகரித்த பாட்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: தீர்ப்புக் கூறுமுன் பாட்டின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். 1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியின் ஆகிருதியையும் கர்ஜனையையும் கண்டு பிரமித்து, அவருக்கென்றே இதை இயற்றித் தந்த லீபர், ஸ்டோலர் இருவரும் பத்தொன்பதே வயதான வெள்ளை யூத வாலிபர்கள். தன் தயவில் காலந்தள்ளும் ஓர் உதவாக்கரை ஆண்பிள்ளைக்கு ஒரு ஸ்திரீ செய்யும் அர்ச்சனைதான் அதன் விஷயம். நாய் என்றது வசவு. பிறகு ஃப்ரெடி பெல் என்பவரின் குழுவினர், அந்த ஆண்பிள்ளையை அடியோடு நீக்கி, முயல் பிடிக்கத் தெரியாத அசல் நாயையே அங்கே நிறுத்திக் கேலிப் பாட்டாக்கிவிட்டார்கள். 1956-இல் லாஸ் வேகாஸில் எல்விஸ் கேட்டுக் கற்றது அதைத்தான். போதாக்குறைக்கு, அவ்வாண்டு ஜூலை முதல் தேதி ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், எல்விஸுக்கு வால்கோட்டு மாட்டி, தொப்பி சூட்டிய ஒரு பாசெட் நாயின் எதிரே நிறுத்திப் பாடவும் வைத்தார்கள். வசவுக்குரிய ஆசாமி சௌக்கியமாகத் தப்பிவிட்டான்!

இனி, நான் ஓயாது உபதேசித்துவரும் சித்தாந்தம்: சங்கீதத்தில் ஜாதி வகுத்தவன் பாடகனல்லன், கடைக்காரன். கறுப்பர்களின் இசைத்தட்டுகளை ‘ரேஸ்’ என்று ஒதுக்கிப் பட்டியலிட்ட ‘பில்போர்டு’ பத்திரிகையில், ஜெர்ரி வெக்ஸ்லர் 1949-இல் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று புதிதாக நாமகரணம் செய்தார். பலகை மாறிற்று, அலமாரி மாறவில்லை. அதன் உச்சியில் தார்ன்டனின் தட்டு ஏழு வாரம் வீற்றிருந்தும் அடுத்த அலமாரிக்குத் தாவ முடியவில்லை. எல்விஸின் தட்டோ பாப், கண்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றது. கறுப்பர்களும் அதை விரும்பி வாங்கினார்கள் என்பதைக் குற்றஞ்சாட்டுவோர் மறைப்பார்கள். கதவு யாருக்கு அகலமாகத் திறந்தது என்பதை எல்விஸ் பக்தர்கள் மறைப்பார்கள்.

கேள்வி: நம் ‘நாய் மார்க்’ இசைத்தட்டில் குழாயருகே உட்கார்ந்திருக்கும் நாயும் ஹவுண்ட் ஜாதிதானா?

பதில்: அன்று. அது நிப்பர், பிரிஸ்டல் நகரத்து டெர்ரியர். ஃபிரான்சிஸ் பரோ என்ற சித்திரக்காரர் முதலில் அதன் எதிரே எழுதியது தட்டுக்குப் பதில் உருளை வைத்துப் பாடும் யந்திரத்தை. கிராமபோன் கம்பெனி விலைபேசியதும், 1899-இல், அதன்மேல் வர்ணம் தீட்டிக் கிராமபோனாக்கிவிட்டார். எல்விஸின் தட்டை வெளியிட்ட ஆர்.சி.ஏ. விக்டர் முத்திரையிலும் அதே நிப்பர்தான் சுழன்றுகொண்டிருந்தது. வசை ஹவுண்டுக்கு, டெர்ரியருக்கன்று. ஆகவே மானநஷ்ட வழக்குக்கு இடமில்லை.