சட்னி படாத இட்லி

மதுரையில் பரிமாறுகிறவர்கள் கேட்டுவிட்டுப் போடுவதில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த கையோடு இட்லி வந்து விழும். ஆவி அடங்குவதற்குள் அதன் தலையில் சாம்பார். பக்கத்திலேயே தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடும். வெளியூரிலிருந்து பசியோடு வருகிறவருக்கு வயிறும் மனசும் நிறைகிற உபசாரம் இது. எங்கள் சின்னவனுக்கோ சாம்பார் விழுந்த அந்த நொடியிலேயே சாப்பாடு முடிந்துவிடும்.

அவனுக்கு எட்டு வயது. உலர்ந்ததும் ஈரமானதும் தட்டில் தொட்டுக்கொள்ளக் கூடாது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, கடுகு எதுவும் கண்ணில் படக் கூடாது. இட்லி என்றால் பொடி, தோசை என்றால் முறுகல், சோறு என்றால் தாளிக்காத தயிர். வாழைப்பழத்தில் பச்சைப் பழம் மட்டும். அதுவும் தோலில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் தொட மாட்டான்.

என் கணவருக்கு மேலூர் பக்கம் சொந்த ஊர். அங்கே வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பள்ளி விடுமுறைக்கு அத்தை, நாத்தனார் குடும்பம், நாங்கள் எல்லோருமாகக் கிளம்பி வந்தால் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில்தான் தங்குகிறோம். மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. அவனையும் கூட்டிக்கொண்டு இத்தனை ஹோட்டல் ஏறி இறங்கியதில் ஒன்று புரிந்தது. ருசி அவனுக்கு இரண்டாம்பட்சம். என்ன வரப்போகிறது, எப்படி வரப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துவிடுகிறான். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

முதல் காரியம், இலை போடுவதற்கு முன்பே பேசிவிடுவது. “அண்ணே, பையனுக்கு ரெண்டு இட்லி மட்டும் வைங்க. சட்னி, சாம்பார் எதுவும் வேணாம். பொடி தனியா ஒரு கிண்ணத்துல குடுங்க.” இதைச் சுருக்கமாக, சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். பிள்ளையின் வரலாற்றையெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இட்லி கொண்டு வருகிறவர் வேறு, சாம்பார் வாளி தூக்கி வருகிறவர் வேறு. முதலாமவரிடம் சொன்னது இரண்டாமவருக்குத் தெரியாது. அவர் வரிசையாக ஊற்றிக்கொண்டே போவார், கை தானாகச் சாயும். அதனால் சின்னவனைச் சுவரோரமாக உட்காரவைத்து, அவனுக்கும் வாளி வருகிற பக்கத்துக்கும் நடுவில் பெரியவர்களில் ஒருவர் உட்கார்ந்துகொள்வோம். இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டு கேட்டாலும் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். தட்டைப் பார்த்தாலே வாளிக்காரர் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணம் நமக்குப் போதும்.

இதைவிட நல்ல வழியை அத்தைதான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பந்தியில் போதும் என்றால் என்ன செய்வோம்? இலைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவோம். அதை லாட்ஜ் அறையில் ஒரு தினசரித்தாளை இலையாக விரித்துவைத்து, தானே வாளி தூக்குகிறவராக நடித்து, பேரனுக்குப் பழக்கிவிட்டார். மறுநாள் காலையில் வாளி நெருங்கியதும் அவன் சின்னக் கையை விரித்து இலையை மூடினான். பரிமாறியவர், “சரிங்க தம்பி” என்று நகர்ந்துவிட்டார். தமிழ்நாட்டில் எந்தப் பந்தியிலும் இந்தச் சைகைக்கு மரியாதை உண்டு. பிள்ளை வாய் திறந்து பேசக் கூச்சப்பட்டாலும் தன் சாப்பாட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள இதைவிட வேறு வேண்டியதில்லை.

அத்தை இந்தப் பக்கம் வந்தது எனக்குப் பெரிய பலம். அதற்கு முன்பெல்லாம், “போட்டதைத் தின்னுதான நாங்க எல்லாம் வளந்தோம்” என்பார். நாத்தனார், “ஒரு வாய் தின்னு பாருடா, அத்தைக்காக” என்று கெஞ்சுவார். பக்கத்து மேஜைக்காரர்கூட அறிவுரை சொல்வார். ஆசையில் சொல்வதுதான், எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை கண்கள் தன் வாயையே பார்க்கும்போது தெரிந்த இட்லிகூட அவன் தொண்டையில் இறங்காது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் லியான் பர்ச் முதலானோர் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றைக் குடித்து முடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள், மற்றதைச் சும்மா வைத்தார்கள். வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்தியதைப் பற்றிக் குறையும் சொன்னார்கள். இதை அத்தையிடம் சொல்லிவிட்டு, கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். “சர்வர்கிட்ட நீங்கதான் சொல்லணும் அத்தை. உங்க மதுரைப் பேச்சுக்குத்தான் அவங்க காது குடுப்பாங்க.” அன்றிலிருந்து அவனுடைய ஆர்டர் அவர் பொறுப்பு. அவன் என்ன சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று மேஜையில் யாரும் பேசுவதில்லை. பெருமையாகக்கூடப் பேசுவதில்லை, பாராட்டும் அவனுக்குப் பாரம்தான்.

உள்ளபடியே சொன்னால், இப்படிப்பட்ட பிள்ளைக்கு மதுரையைப் போல் வசதியான ஊர் குறைவு. வெள்ளையாக, தனித்தனியாக, சுடச்சுடக் கிடைக்கிற பலகாரம் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. இட்லி, ஆப்பம், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட இடியாப்பம், பணியாரம். மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடையில் மற்றவர்கள் சட்னி வகைகளில் மூழ்கியிருக்கும்போது அவன் பொடியும் நல்லெண்ணெயும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பான். கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம் ஊருக்கே தெரிந்த பண்டம். காரச் சட்னி தொட்டுச் சாப்பிடவேண்டியதுதான், ஆனால் வெறுமனே சாப்பிட்டாலும் குறையில்லை. ஓரத்தில் மொறுமொறு, நடுவில் மெத்து, உள்ளேயும் வெள்ளை. அவன் பிட்டு உள்ளே பார்த்து, ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாயில் வைத்தான்.

ஆனால் அவனே விரும்பிக் கேட்டுச் சாப்பிட்ட முதல் புதுப் பண்டம் தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கிடைத்தது. வீட்டு வாசலில் அடுப்பு வைத்து ஒரு அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். குழிக்கல்லில் எண்ணெய் சொட்டு விட்டு, மாவை ஊற்றி, ஓரம் சிவந்ததும் கம்பியால் ஒரு நெம்பு நெம்பித் திருப்புகிறார். ஒவ்வொன்றும் கரணம் போடுகிற மாதிரி உருண்டு விழுகிறது. அவன் நகரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, “அதுல வெங்காயம் இருக்கா?” என்று கேட்டான். அந்த அம்மா தாளித்துக் கொட்டாத மாவு இருந்த போசியைக் காட்டி, “இதுல ஒண்ணும் இல்ல ராசா, உனக்கு மட்டும் தனியா ஊத்தவா?” என்றார். ஊற்றினார், தின்றான், இன்னொன்று கேட்டான். சமையலறை கண்ணுக்குத் தெரியாத குளுகுளு ரெஸ்டாரண்டைவிட, செய்வது கண் முன்னால் தெரிகிற கடைதான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது. மெனு கார்டில் பத்துப் பக்கம் படித்துக் காட்டினாலும் வராத தைரியம், மாவு வேகிறதைப் பார்த்தால் வந்துவிடுகிறது.

நேரமும் முக்கியம். மதியம் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியதும் கோபுர வாசல்களிலிருந்து கூட்டம் மொத்தமாக வெளியே வரும். நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றியுள்ள ஹோட்டல்களில் இடத்துக்கு ஆள் நிற்கும். அந்த நெருக்கடியில் தனிக் கிண்ணம், தனித் தட்டு என்று யாரிடம் கேட்பது? பதினொன்றரைக்கே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் கேட்டது கிடைக்கும். சோறு வாங்கும்போது, தயிர்சாதம் என்று சொல்லாதீர்கள். கடுகு, இஞ்சி, மிளகாய், சில இடங்களில் திராட்சை, மாதுளை எல்லாம் போட்டு வரும். வெள்ளைச் சோறு ஒரு கப், தயிர் ஒரு கப் என்று தனியாகக் கேளுங்கள். வீட்டில் பச்சரிசி பழகிய பிள்ளைக்குப் புழுங்கலரிசிச் சோறு வேறு சோறு. ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே புழுங்கலரிசி வடித்துக் கொடுத்துப் பழக்கிவிடுகிறேன்.

அடுத்தது அசைவம். மதுரைக்கு வந்துவிட்டு கோனார் மெஸ் கறி தோசையும் அயிரை மீன் குழம்பும் சாப்பிடாமல் திரும்புவது என் கணவருக்கும் பெரியவளுக்கும் ஆகாத காரியம். பெரியவள் பன்னிரண்டு வயதில் எதையும் ரசித்துச் சாப்பிடுகிறவள். தம்பிக்கு ஒத்துவராது என்று அவளும் வருஷாவருஷம் இட்லியே சாப்பிட வேண்டுமா? ஒரே இடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் குடும்பம் என்று நமக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நான் அதை விட்டுவிட்டேன். இரவில் அவர்கள் மெஸ்ஸுக்குப் போவார்கள். நானும் சின்னவனும் அவன் காலையில் சாப்பிட்ட அதே கடைக்கே திரும்பப் போவோம். பிறகு எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து நடப்போம். அப்பாவோடு தனியாகப் போய்வருகிற அந்த நேரம் அவளுக்குத் தனி சந்தோஷம். கறி தோசையில் முட்டைக்கு மேல் கறியைப் பரப்பியது எப்படி, ஓரம் எப்படி முறுகியது என்று வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தம்பிக்கு விட்டுக்கொடுத்தே பழகிய பிள்ளைகளுக்கு அவர்களுக்கென்று ஒரு சாப்பாடு கட்டாயம் வேண்டும்.

எல்லோரும் சேர்ந்தே மெஸ்ஸுக்குப் போகவேண்டி வந்தால், கறி தோசைக்கு அடியில் போடுவதும் தோசைதானே, அதைத் தனியாகக் கேட்கலாம். பரோட்டாக் கடையில் சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் பிய்த்துப் போட்டு ஊற்றியே கொண்டுவந்துவிடுவார்கள். சீனி தொட்ட வெறும் பரோட்டா அவனுக்குப் பிடித்தது. கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம்தான் அவனுக்கு ஆகாது, கல்லுக்கு எட்ட உட்காருவோம்.

ஜிகர்தண்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டுவிட்டு, குழகுழவென்று பாதாம் பிசினைப் பார்த்ததும் தள்ளிவிடுகிற பிள்ளைகள் உண்டு. பிசின்தான் பொதுவாகத் தம்ளரில் முதலில் விழுவது. பாலும் நன்னாரி சர்பத்தும் ஊற்றியபின் சொல்லிப் பயனில்லை. காசு கொடுக்கும்போதே, ஒன்றில் மட்டும் பிசின் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊரை விட்டு வெளியே போகிற நாட்களுக்குக் கட்டுச்சோறுதான். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், அழகர்கோவில் 21 கிலோமீட்டர். போகிற வழியில் அவன் சாப்பிடுகிற மாதிரி கடை இருக்குமா என்று நம்பிப் போக முடியாது. காலையிலேயே எண்ணெய்ப் பொடி தடவிய இட்லி வாங்கிக்கொண்டு, வழியில் பெட்டிக்கடைத் தாரில் பச்சைப் பழம் பார்த்துக்கொள்வோம். அழகர்கோவிலில் பொட்டலத்தை வெளியில் பிரிக்கவே கூடாது, குரங்குகள் கையிலிருந்தே பறித்துவிடும். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே பிரசாதமாகத் தருகிற நெய் தோசையில் தோலுளுந்தும் மிளகும் தெரியும். அவன் வாங்கி, மோந்து பார்த்து, அக்காவிடம் கொடுத்துவிட்டான். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்பதா என்று யாரும் கேட்கவில்லை. கையில் வாங்கினானே, எனக்கு அது பெரிது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெற்றோர் அசட்டையாக இருக்கக் கூடாது. புது உணவுக்குப் பயப்படுவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை அநேகமாக எல்லாப் பிள்ளைகளிடமும் உள்ளதுதான், பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். ஆனால் சாப்பிடுகிற வகைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினாலோ பிடிவாதம் என்று அடக்கப் பார்க்காதீர்கள். இதை ஒரு நோயாகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. நாங்கள் காட்டினோம். வளர்ச்சி சரியாக இருக்கிறது, வற்புறுத்தாதீர்கள் என்றார். அந்த வார்த்தைதான் எங்கள் பயணங்களுக்கு நிம்மதி கொடுத்தது.

திரும்பும் நாளுக்கும் ஒரு குறிப்பு. ரயிலுக்குப் பார்சல் வாங்கும்போது இட்லியும் சாம்பாரும் ஒரே பையில் போகக் கூடாது. நூல் கட்டிய சாம்பார்ப் பை மேலே இருந்தால் வழியில் எப்படியும் கசியும். இட்லிக்கு ஒரு பை, ஈரமானவற்றுக்கு வேறு பை, பொடிக்குத் தனிக் காகிதம் என்று கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். திண்டுக்கல் தாண்டிய பிறகு அதற்கு மாற்று கிடையாது.