மருத்துவ அலட்சியம்: கேஸ் ஷீட் முதல் இழப்பீடு வரை – முழுமையான வழிகாட்டி

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் அபாயம் உண்டு. பிறந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை; அது தேவை என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தந்தை விடாமல் போராடினார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது.

தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. ஆனால், இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வலுப்பெறுகின்றன அல்லது வலுவிழக்கின்றன. அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: நடந்தது அலட்சியம்தானா?

சிகிச்சை பலிக்காததெல்லாம் அலட்சியம் ஆகாது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். இரண்டையும் நிரூபிக்க வேண்டும். ஏற்கப்பட்ட இரண்டு சிகிச்சை முறைகளில் மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கைகொடுக்காமல் போனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வாமை உண்டு என்று சொல்லியும் அதே மருந்தை ஏற்றியது, வலது காலுக்குப் பதில் இடது காலைக் கிழித்தது, வயிற்றில் பஞ்சை வைத்துத் தைத்தது போன்றவை அலட்சியம்.

ஒப்புதல் இல்லாத சிகிச்சையும் தவறுதான். டெல்லியில் ஒரு பெண் நோயறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் சம்மதம் கேட்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது நோயாளியின் சொந்தச் சம்மதம் இன்றி இப்படிச் செய்யக் கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

படி 2: கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது மருத்துவமனை எழுதித் தரும் சுருக்கம்தான். எந்த நேரத்தில் எந்த மருந்து தரப்பட்டது, மருத்துவர் எப்போது வந்து பார்த்தார், ரத்த அழுத்தம் எப்போது இறங்கியது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டிலும் நர்ஸ்கள் எழுதும் குறிப்புகளிலும்தான் இருக்கும். அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஸ்கேன், லேப் ரிப்போர்ட், பில் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். வாயால் கேட்காதீர்கள். தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனு போடலாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

படி 3: மரணம் என்றால், பிரேதப் பரிசோதனை

துக்க வீட்டில் இதைப் பேசுவது கொடுமைதான். ‘ஏற்கெனவே பட்டது போதும், இன்னும் ஏன் அறுக்கணும்?’ என்று உறவினர்கள் தடுப்பார்கள். ஆனால், எதனால் உயிர் போனது என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது. சந்தேகம் இருந்தால் உடலை வாங்கும் முன்பே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தகனம் முடிந்தபின் அதற்கு வழியே இல்லை.

படி 4: நாள், நேரம் போட்டு எழுதுங்கள்

ஒரு நோட்டில், சேர்த்த நாளிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதுங்கள். ‘இரவு 11 மணி – மூச்சுத் திணறல். நர்ஸிடம் சொன்னோம். 1.30 வரை மருத்துவர் வரவில்லை’ என்பது போல இருக்கட்டும். அருகில் இருந்தவர்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். பின்னர் இதையும் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளிகள் தெரியும்.

படி 5: இன்னொரு மருத்துவரின் கருத்து

அதே துறையின் மூத்த மருத்துவர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டுங்கள். முடிந்தால் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும்; சக மருத்துவருக்கு எதிராக எழுதித் தர உள்ளூரில் பலரும் தயங்குவார்கள். தவறு கண்ணுக்கே தெரியும் வழக்குகளில் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மலேரியாவுக்குப் பதில் டைஃபாய்டுக்கு மருந்து கொடுத்த வழக்கு அது. மற்ற வழக்குகளில் நிபுணர் கருத்துதான் முதுகெலும்பு.

படி 6: எந்தக் கதவைத் தட்டுவது?

ஒவ்வொரு கதவிலும் கிடைப்பது வேறு.

இழப்பீடு வேண்டுமா? நுகர்வோர் ஆணையம்.

மருத்துவர்மீது தொழில்முறை நடவடிக்கை வேண்டுமா? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஆனால், இழப்பீடு தராது.

தனியார் மருத்துவமனையின் வசதிக் குறைகள், உரிமம் பற்றியா? மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்.

குற்ற வழக்கா? காவல் நிலையம். ஆனால், குற்றவியல் வழக்குக்கு அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெறாமல் போலீஸ் மேலே போகக் கூடாது, வழக்கமாகக் கைதும் செய்யக் கூடாது என்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்கீழ் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுகள்.

படி 7: நுகர்வோர் ஆணையத்தில் மனு

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம்.

கெடு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம்; ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

எங்கே: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

எந்த ஆணையம்: கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, நீங்கள் கட்டிய தொகையை வைத்து முடிவாகும். கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை.

யார்மீது: மருத்துவர், மருத்துவமனை இருவர்மீதும். ஊழியரின் தவறுக்கு நிர்வாகமும் பொறுப்பு.

என்ன கேட்பது: சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, இனி ஆகப்போகும் செலவு, மன உளைச்சல் என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். எழும்பூர் வழக்கில் பெரும்பகுதி எதிர்கால மருத்துவச் செலவுக்காகவே கிடைத்தது. விலைவாசி உயர்வையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது.

முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதிலைப் பார்த்துவிட்டு மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்வது வழக்கம். வக்கீல் கட்டாயமில்லை என்றாலும், இந்த வகை வழக்கில் இருப்பது நல்லது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; உதவி எண் 15100. எதிர்த்தரப்பு 30 நாட்களில், அதிகம் போனால் 45 நாட்களில் பதில் தர வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாட்கள்.

இலவச சிகிச்சை என்றால்?

எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கும் இடமென்றால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது இலவசம் ஆகாது. இப்படி நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கும் அரசு மருத்துவமனை என்றால் சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற வழி இருக்கிறது.

இவற்றைச் செய்யாதீர்கள்

மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்காதீர்கள், ஊழியர்மீது கைவைக்காதீர்கள். மருத்துவர்களைத் தாக்குவதைத் தடுப்பதற்கென்றே 2008இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. கல் எறிந்த மறுகணம் நீங்கள் பாதிக்கப்பட்டவர் இல்லை, குற்றவாளி. படிக்காமல் எந்தத் தாளிலும், குறிப்பாக ‘எங்கள் விருப்பத்தின்பேரில் அழைத்துச் செல்கிறோம்’ என்ற தாளில், கையெழுத்திடாதீர்கள். ‘கொஞ்சம் பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள்’ என்று வரும் சமரசத்தை வக்கீலிடம் காட்டாமல் ஏற்காதீர்கள்.

வழக்கு போடுவதா வேண்டாமா என்று யோசிக்க 2 ஆண்டுகள் இருக்கின்றன. கேஸ் ஷீட்டைக் கேட்பதற்கு யோசிக்கத் தேவையில்லை; அதை இன்றே எழுதிக் கொடுங்கள்.