சிறு செயல்களில் பெருந்தவம்

1886-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள ஆன்ட்பூர் கிராமத்தில், பாபுராமின் இல்லத்தில் துனி மூட்டப்பட்டிருந்தது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்து நான்கு மாதங்களே கழிந்திருந்தன. அந்த அக்கினியைச் சுற்றி அமர்ந்திருந்த இளம் சீடர்களிடம் நரேந்திரர் ஏசுநாதரின் துறவையும் தியாகத்தையும் பற்றி உள்ளம் உருகப் பேசினார். அக்கினி சாட்சியாக அவர்கள் துறவு வாழ்வை மேற்கொள்ள உறுதி பூண்டார்கள். அது கிறிஸ்துமஸ் இரவு என்பதே பின்னர்தான் அவர்கள் நினைவுக்கு வந்தது.

அதே இரவில், பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிப் பகுதியில் லிசியே என்னும் சிறு நகரத்தில், ஒரு வீட்டின் மாடிப்படியில் பதினான்கு வயது நிரம்பாத சிறுமி ஒருத்தி பொங்கி வந்த கண்ணீரை விழுங்கியபடி நின்றாள். அவளே பிற்காலத்தில் உலகெங்கும் 'சிறு மலர்' என்று போற்றப்பட்ட புனித தெரேசா. கல்கத்தாவில் தொண்டாற்றிய அன்னை தெரசா, துறவு ஏற்றபோது இவரது பெயரையே தமக்கு ஏற்றுக்கொண்டார்.

ஆன்ட்பூரில் நிகழ்ந்ததற்கும் லிசியேயில் நிகழ்ந்ததற்கும் வெளித்தொடர்பு ஏதுமில்லை. இல்லாத தொடர்பைக் கற்பிப்பதும் நம் நோக்கமன்று. ஆயினும் இரு இடத்தாருக்கும் பொதுவாக ஒரு நூல் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் தாமஸ் கெம்பிஸ் என்னும் துறவி அருளிய, கிறிஸ்துவைப் பின்பற்றும் வழியைக் கூறும் நூல் அது. சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜக நாட்களில் கீதையுடன் அந்நூலையும் உடன் வைத்திருந்தார். 1889-இல் அதன் முதல் சில அத்தியாயங்களை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். தாஸ்ய பக்தியின் சிறந்த வெளிப்பாடு அதில் உள்ளது என்று முன்னுரையில் குறிப்பிட்டார். தெரேசாவோ சிறு வயதிலேயே அதன் அத்தியாயங்களை ஏறக்குறைய முழுவதும் மனப்பாடமாகச் சொல்வாராம். உறவினர் வீட்டில் யாரேனும் ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிரித்துத் தொடக்கத்தைச் சொன்னால் போதும், மீதியை அவர் ஒப்பித்துவிடுவார்.

மாடிப்படியில் நிகழ்ந்தது

தெரேசா 1873 ஜனவரி 2-ஆம் நாள் அலான்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். தாய் செலி, சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது குழந்தைகளில் எஞ்சியவர்கள் ஐந்து பெண்கள்; அவர்களில் கடைக்குட்டி தெரேசா. நான்கரை வயதில் தாயை இழந்தார். தாயின் இடத்தில் இருந்து வளர்த்த அக்கா பொலின், 1882-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். அடுத்தடுத்து வந்த இந்தப் பிரிவுகள் குழந்தையின் மனத்தை மிகவும் நொய்மையாக்கிவிட்டன. எதற்கெடுத்தாலும் அழுகை, அழுகை நின்றபின் அழுததை எண்ணி மீண்டும் அழுகை. பிற்காலத்தில் அவரே இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகளின் காலணிகளைக் கணப்பருகே வைத்து, அவற்றில் பரிசுகளை நிரப்புவது வழக்கம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, களைத்திருந்த தந்தை அந்தக் காலணிகளைக் கண்டு, நல்ல வேளை, இந்த வழக்கம் இந்த ஆண்டோடு முடிகிறது என்று சற்றுச் சலிப்புடன் கூறினார். தொப்பியைக் கழற்றி வைக்க மாடியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. அருகிலிருந்த அக்கா செலின், தங்கையின் கண்களைப் பார்த்துவிட்டு, இப்போது கீழே போக வேண்டாம் என்று தடுத்தாள். ஆனால் அன்று தெரேசா வழக்கம்போல் அழவில்லை. படபடத்த நெஞ்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினார். காலணிகளைத் தந்தையின் முன் வைத்து ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ந்தார். தந்தையின் முகமும் மலர்ந்தது. நான்கரை வயதில் தொலைத்த மனவலிமையை அன்றிரவு இறைவன் தமக்கு மீட்டுத் தந்ததாகத் தெரேசா உறுதியாக நம்பினார்.

தெரேசா துயரத்தை மறுக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. அது வந்தது, நெஞ்சு படபடத்தது. ஆனால் தன் மனநிலைக்கு மேலாகத் தந்தையின் மகிழ்ச்சியை அவர் வைத்தார். தன்னடக்கம் என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆசையை நசுக்குவதே நம் நினைவுக்கு வருகிறது. இங்கே நாம் காண்பது அதுவன்று. அன்பு ஒரு பக்கம் இழுக்க, மனம் தன் பழைய பிடியைத் தானே விடுகிறது. பக்தி மார்க்கத்தில் புலனடக்கம் எளிது என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி சொல்வதன் பொருளும் இதுவே அல்லவா?

மடத்தின் நான்கு சுவர்களுக்குள்

பதினைந்து வயதில், 1888 ஏப்ரல் 9-ஆம் நாள், தெரேசா லிசியேயின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அதன்பின் இறக்கும்வரை அந்த மடத்தை விட்டு வெளியே வாழவில்லை. அங்கே அற்புதம் எதையும் நிகழ்த்தவில்லை; பெரும் பணி எதையும் தொடங்கவில்லை. பெருக்கினார், துவைத்தார், பூஜைப் பொருட்களைப் பேணினார், இளம் துறவினியருக்கு வழிகாட்டினார். அவருடன் வாழ்ந்தவர்களிலேயே சிலர், இவரைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினார்கள்.

எழுத இருந்தது என்ன என்பதை, மடத்தலைவியரின் கட்டளைப்படி அவரே குறிப்பேடுகளில் எழுதி வைத்த தம் வரலாறு காட்டுகிறது. அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 1898-இல் அது நூலாக வெளிவந்தது. அதில் நாம் சந்திப்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். சுமார் இருபத்தைந்து பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழும்போது ஒருவர் மற்றவருக்கு எவ்வளவு சுமையாக இருக்க முடியும் என்பதே அங்கு நாம் காண்பது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாலைத் தியானத்தின்போது தெரேசாவுக்கு அருகில் அமரும் ஒரு சகோதரி, இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று உரசுவதைப் போன்ற ஒரு மெல்லிய ஓசையை இடைவிடாது எழுப்புவார். வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் ஓசை நின்றிருக்கும். தெரேசா திரும்பவில்லை. அடக்கிக்கொண்டதில் உடல் முழுவதும் வியர்த்துவிடும், தியானமோ கூடவில்லை. கேளாதிருக்க முயல்வது வீண் என்று கண்டபின், ஒரு வழி செய்தார். அந்த ஓசையை இனிய இசை போலக் கூர்ந்து கேட்கத் தொடங்கினார். அதைக் கேட்பதையே அன்றைய தியானமாக்கி ஏசுவுக்கு நிவேதித்தார்.

ஜபத்திற்கு அமரும்போது பக்கத்து வீட்டு வானொலியோ தெருவின் இரைச்சலோ குறுக்கிட்டால் நம் மனம் என்ன பாடுபடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்தகைய சாதனை என்று புரியும்.

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி, கைக்குட்டைகளை ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அழுக்கு நீர் தெரேசாவின் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அவருக்குக் குறிப்பு புரிந்திருக்கும். துடைப்பதற்காக எழுந்த கையைத் தெரேசா நிறுத்திக்கொண்டார். வங்காள எழுத்துகளில் மூன்று 'ச'கரங்கள் இருப்பதே, பொறு, பொறு, பொறு என்று நமக்குச் சொல்வதற்காகத்தான் என்பார் பகவான். அன்னை ஸ்ரீசாரதாதேவியார் ராதுவின் பிடிவாதத்திற்கும் அவளுடைய தாயின் சித்தப்பிரமைக்கும் நடுவில் ஜெயராம்பாடியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து காட்டியதும் அந்தப் பாடத்தைத்தான்.

பழியை ஏற்றலும் போர்க்களத்தை விட்டு ஓடுதலும்

பணிவைப் பற்றி அவர் கூறும் நிகழ்ச்சிகளில் ஒன்று மிகச் சிறியது. ஜன்னலின் பின்னால் யாரோ வைத்துவிட்டுப் போன சிறு ஜாடி ஒன்று உடைந்து கிடந்தது. இளம் துறவினியரின் ஆசிரியை, தெரேசாவே அதை அங்கே விட்டுச் சென்றார் என்று எண்ணி, இனியாவது பொருட்களை ஒழுங்காக வைக்குமாறு கண்டித்தார். தெரேசா மறுமொழி கூறவில்லை. தரையை முத்தமிட்டு, இனிக் கவனமாக இருப்பதாகச் சொன்னார். இத்தனைக்கும் அது தமக்கு எளிதாக இல்லை என்றும், இறுதித் தீர்ப்பு நாளில் எல்லாம் வெளிப்படும் என்று எண்ணியே மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் எழுதுகிறார். இந்த ஒப்புதலில்தான் அவருடைய உண்மையான பணிவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பழியை ஏற்றது பெரிதுதான். ஏற்றதற்காகத் தம்மை உயர்வாக எண்ணிக்கொள்ள இடம் தராமல், உள்ளே இருந்த வலியையும் காட்டிவிட்டது அதனினும் பெரிது.

இன்னொரு நிகழ்ச்சி இதற்கு மாறானது. மடத்தலைவி மார்புச் சளியால் நோயுற்றுப் படுத்திருந்தார். பூஜைப் பொறுப்பில் இருந்த தெரேசா, தம்மிடமிருந்த சாவிகளைத் திருப்பி வைக்க ஓசையின்றிச் சென்றார். தலைவி விழித்துவிடுவாரோ என்று அஞ்சிய மற்றொரு சகோதரி, சாவிகளைத் தம்மிடம் தரும்படி வாசலில் தடுத்தார். திருப்பித் தருவது தம் கடமை என்று தெரேசா பணிவாகச் சொல்லிப் பார்த்தார். இழுபறியில் ஓசை எழுந்து தலைவி விழித்துக்கொண்டார். பழி முழுவதும் தெரேசாவின் மீது விழுந்தது. அந்தச் சகோதரி நீளமாகக் குற்றம் சாட்டத் தொடங்கினார். தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தெரேசாவின் நாக்கு துடித்தது. சொன்னால் மன அமைதி போய்விடும். சொல்லாமல் அங்கேயே நிற்கும் வலிமையும் தமக்கு இல்லை என்று கண்டார். ஆகவே ஓடிவிட்டார். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அதிக தூரம் போகவும் முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இது வீரம் அல்ல என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். தோல்வி உறுதி என்று தெரிந்த போரில் நிற்பதைவிட விலகுவதே மேல் என்பது அவர் கண்ட உண்மை. கோபம் வரும் இடத்தில் நின்றுகொண்டே கோபத்தை வெல்வேன் என்று சபதம் செய்யும் சாதகர்கள், பெரும்பாலும் கோபத்தையும் வெல்வதில்லை, சபதத்தையும் காப்பதில்லை. இளஞ்செடிக்கு வேலி வேண்டும் என்று பகவான் கூறுவதும் இதற்காகவே. பலவீனத்தை அறிந்து விலகுவதற்கும் பணிவு வேண்டும். நான் தாங்குவேன் என்ற எண்ணத்திலேயே அகந்தை ஒளிந்திருக்கிறது.

ஏணியும் மின்தூக்கியும்

பெரிய மகான்களோடு தம்மை ஒப்பிடும்போது மலைக்கு முன் மணல் துகளாகத் தோன்றுவதாகத் தெரேசா உணர்ந்தார். ஆனால் மனம் சோரவில்லை. செல்வர் வீடுகளில் படியேறும் சிரமத்தைத் தவிர்க்க அப்போது புதிதாக மின்தூக்கிகள் வந்திருந்தன. பூரணத்துவத்தின் செங்குத்தான படிகளில் ஏற முடியாத தமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தேடி, ஏசுவின் கரங்களே தம்மைத் தூக்கிச் செல்பவை என்று கண்டுகொண்டார். அதற்கு வளர வேண்டியதில்லை. சிறியவளாகவே இருந்தால் போதும்.

நம் தென்னாட்டு வைணவ ஆசாரியர்கள் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இதனையே விளக்கினார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரும் இந்த உவமையைக் கையாண்டார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தெரேசாவின் சரணாகதி, முயற்சியைக் கைவிட்டவரின் சரணாகதி அன்று. முதற்படியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏற முடியாமல் தவிக்கும் குழந்தையைப் பார்த்துத் தாய் இறங்கி வருகிறாள் என்று இளம் துறவினியருக்கு அவர் கூறுவாராம். குழந்தை காலைத் தூக்குவதை நிறுத்தக் கூடாது.

விளக்கு அணைந்த பின்

1896-ஆம் ஆண்டு, பெரிய வியாழன் இரவு. அறைக்குத் திரும்பி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த தெரேசாவின் வாய்க்கு ஏதோ பொங்கி வந்தது. ரத்தமாக இருக்கலாம் என்று தோன்றியது. விளக்கு அணைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அமைதியாக உறங்கிவிட்டார். விடிந்தபின் கைக்குட்டையில் பார்த்தது ரத்தமே. காச நோய் அவரைப் பற்றியிருந்தது.

அதைவிடக் கொடியது ஈஸ்டர் நாட்களில் தொடங்கியது. இறைவனைப் பற்றியும் மறுவுலகைப் பற்றியும் இருந்த இனிய உணர்வு அனைத்தும் மறைந்து, உள்ளம் இருண்டுவிட்டது. சுமார் பதினெட்டு மாதங்கள், மரணம்வரை அந்த இருள் நீடித்தது. விசுவாசப் பிரமாணத்தைத் தம் ரத்தத்தால் எழுதி மார்பில் வைத்துக்கொண்டார். அவரை ரோஜாப்பூ தூவும் இனிமையான சிறுமியாக மட்டும் காட்டும் படங்கள் இந்தப் பகுதியை மறைத்துவிடுகின்றன. அதனால் அவரை எளிதில் ஒதுக்கிவிடவும் முடிகிறது. உணர்வில் இனிமை இருக்கும்போது பொறுமை பெரிதன்று. இனிமை முற்றும் வற்றிய அந்த மாதங்களிலும் அவர் சகோதரிகளிடம் சிரித்துப் பேசினார். உள்ளே நடந்ததைப் பெரும்பாலோர் அறியவே இல்லை.

1897 செப்டம்பர் 30-ஆம் நாள், 24-ஆம் வயதில் அவர் உடலை நீத்தார். 1925-இல் புனிதர் பட்டமும், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற சிறப்பும் அவருக்கு வழங்கப்பட்டன.

மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், நோயுற்ற நிலையில் எழுதிய கடைசிக் குறிப்பேட்டில் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். மடத்தில் சேர்ந்த புதிதில், சகோதரி சேன் பியேர் என்ற முதியவரைத் தினமும் மாலையில் உணவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார் அந்த முதியவர். மெதுவாக நடந்தால் பிடி தளர்ந்துவிட்டது என்பார். இவ்வளவு சிறு பெண்ணால் என்னை எப்படி அழைத்துப் போக முடியும் என்று குறைபட்டுக்கொள்வார். இருக்கையில் அமர்த்தி, சட்டைக் கைகளை அவர் விரும்பும் விதமாக மடித்துவிட்டால் தெரேசாவின் கடமை முடிந்தது. ஆனால் வாதநோயால் முடங்கிய கைகளால் அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைச் சில நாட்களில் தெரேசா கவனித்துவிட்டார். அதன்பின் ரொட்டியை வெட்டிக் கொடுக்காமல் அவர் ஒருநாளும் அங்கிருந்து திரும்பவில்லை. கேட்காமலே செய்த அந்த உதவியால் முதியவரின் மனம் முழுவதும் கனிந்துவிட்டது. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு என்பது தெரேசாவுக்கு நெடுநாள் கழித்தே தெரியவந்தது: ரொட்டியை வெட்டியபின், புறப்படும்முன், தம்மால் இயன்ற அழகிய புன்னகை ஒன்றை அவர் தினமும் அந்த முதியவருக்குத் தந்துவிட்டே போனாராம்.