தண்ணீர் விடாத தந்தூரி

வீட்டு அவனில் தந்தூரி சிக்கன் செய்தால் தட்டில் தண்ணீர் தேங்கி, அவித்த கோழி மாதிரி ஆகிவிடுகிறது. ஓட்டல் பதம் வர என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

தட்டில் தேங்குவது பெரும்பாலும் தயிரின் தண்ணீர்தான். தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். கட்டியாக நிற்கும் தயிர்தான் கறியில் ஒட்டும்.

தோலுரித்த கால் துண்டுகளை எலும்பு வரை கீறி, உப்பு, எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள் தேய்த்து அரை மணி நேரம் வையுங்கள். சிவப்புக்கு அந்த மிளகாயே போதும், கலர் பொடி வேண்டவே வேண்டாம். பிறகுதான் தயிர், கரம் மசாலா, கசூரி மேத்தி, இரண்டு ஸ்பூன் கடுகு எண்ணெய். அந்த எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள், பஞ்சாபி மணமே அதில்தான். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறட்டும்.

தந்தூர் அடுப்பு 400 டிகிரி செல்சியஸைத் தொடும். வீட்டு அவன் 250 வரைதான். அதனால் முதலிலேயே முழுச் சூடேற்றி, துண்டுகளைக் கம்பி வலைமேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். 25 முதல் 30 நிமிடம் போதும். நடுவில் வெண்ணெய் தடவித் திருப்புங்கள். கடைசி 3 நிமிடம் மேல் கம்பி மட்டும் எரியட்டும். கீறிய ஓரங்கள் லேசாகக் கருகியதும் எடுத்துவிடலாம்.

புகை மணம் வேண்டுமா? பாத்திரத்தில் கறியின் நடுவே சிறு கிண்ணம் வைத்து, கனன்ற கரித்துண்டு போட்டு, ஒரு சொட்டு நெய் விட்டு உடனே மூடுங்கள். 5 நிமிடம் கழித்துத் திறந்தால் போதும்.